அணைத் தண்ணியைப் பார்க்கப் போன லாஞ்சு

மோட்டார் லாஞ்சில் வேலை என்றால் தண்ணீரில் மிதக்கிற வேலை என்று ஊரில் நினைக்கிறார்கள். பாதி நேரம் கயிற்றோடு மல்லுக்கட்டு, மீதி நேரம் நின்றுபோன என்ஜினோடு மல்லுக்கட்டு, மிதப்பது என்பது இரண்டுக்கும் நடுவில் எப்போதாவது கிடைப்பது.

நான் கூடலூர்க்காரன். மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடம் போதும் என்று வந்துவிட்டேன். குமுளியில் ஒரு கண்டிராக்டருக்குப் பெரியாறு ஏரியில் ஓடுகிற லாஞ்சு ஒன்று இருக்கிறது. தேக்கடியில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் ஏற்றி, அணைக்கட்டில் குடியிருக்கிறவர்களுக்குக் கொண்டுபோய் இறக்குவோம். இடம் இருந்தால் ஆளும் ஏற்றுவோம். டிரைவர் சாக்கோ மேஸ்திரி, கோட்டயம் பக்கத்துக்காரர். மற்ற எல்லாம் நான். பஸ்ஸிலோ லாரியிலோ அரிசி மில்லிலோ என்ஜின் கைப்பிடியைச் சுற்றி, அது திருப்பி அடித்து மணிக்கட்டு வீங்கினவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். இருக்கட்டும்.

ஊறப் போட்ட நெல்

அன்றைக்குக் காலையில் இரண்டு பேர் வந்து அணைக்குப் போகணும் என்று நின்றார்கள். ஒருவர் கம்பத்தில் வயல் வைத்திருக்கிற சம்சாரி, பெயர் சுருளிச்சாமி. மற்றவர் அவருடைய மச்சினன் பேச்சிமுத்து, ஊர் ஆண்டிபட்டி. அணையில் யாரைப் பார்க்கணும் என்று கேட்டேன். யாரையும் இல்லை, தண்ணியைப் பார்க்கணும் என்றார் சுருளிச்சாமி. தண்ணீர்தான் இங்கேயே கிடக்கிறதே என்று கையைக் காட்டினேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இருக்கிறது தெரியுது, எவ்வளவுன்னு தெரியலையே என்றார்.

விஷயம் இதுதான். ஆனி பிறந்தும் மழை சரியாகப் பிடிக்கவில்லை. ஏரி ஏறினால்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள், கம்பம் பள்ளத்தாக்கில் முதல் போகம் நடக்கும். சந்தையில் பாதிப் பேர் அணையில் தண்ணீர் கிடக்கிறது என்றார்களாம், பாதிப் பேர் சேறுதான் கிடக்கிறது என்றார்களாம். நாற்றங்காலுக்குக் கிணற்றுத் தண்ணீர் போதும். பறித்து நட வாய்க்கால் தண்ணீர் வேண்டும். அது வராவிட்டால் விதை போச்சு. இந்த யுத்த காலத்தில் நெல் கிடைக்கிற லட்சணம் உங்களுக்கே தெரியும். ஆனாலும் நாள் போகக் கூடாது என்று அவர் வீட்டில் விதைநெல்லை முந்தின ராத்திரியே ஊறப் போட்டுவிட்டார்கள். ஊறப் போடுகிற வரைக்கும் விதைக்கிறதுக்கும் அவிக்கிறதுக்கும் ஒரே வேலைதானே. அதற்கு அப்புறம்தான் வழி பிரிகிறது. சாக்கில் கட்டி வைக்கோலுக்குள் வைத்தால் முளைகட்டும். அண்டாவில் ஏற்றினால் சோற்றுக்கு அரிசி.

தேக்கடி மதகிலேயே அளவுக்கல் இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்றேன். அது மதகுக்காரவுக கல்லு, அணையில இருக்கிறதுதான் தாய்க்கல்லு என்று ஒரே பிடியாக நின்றார். சரி, எப்போது திரும்பணும் என்று கேட்டேன்.

“பொழுது சாயுறதுக்குள்ள இங்கன கொண்டாந்து விட்டுரு தம்பி. நான் போய்ச் சொல்ற ஒரு வார்த்தையிலதான் அந்த நெல்லு நாத்தங்காலுக்குப் போகுதா, அடுப்புக்குப் போகுதான்னு இருக்கு.”

வண்டிக்காரன் அவிழ்த்த கயிறு

மேஸ்திரி கரையில் டீக்கடையில் இருந்தார். நான் லாஞ்சுக்குள் அரிசி மூட்டைகளைத் தள்ளிவைத்துக்கொண்டிருந்தேன். பேச்சிமுத்துக்குச் சும்மா உட்கார முடியவில்லை. ஒத்தாசையாக இருக்கட்டும் என்று முன்பக்கத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். ஆள் ஏறி உட்கார்ந்ததும் கயிற்றை அவிழ்ப்பது மாட்டுவண்டிக்குச் சரி. வண்டி அவிழ்த்ததும் நகராது. லாஞ்சு நகரும். அதுவும் கரையிலிருந்து அவிழ்க்காமல் லாஞ்சு வளையத்திலிருந்து அவிழ்த்ததால், கயிறு கரையில் கிடந்தது, நாங்கள் மூன்று பேரும் தண்ணீரில் கிடந்தோம்.

காற்று எங்களைப் பட்டமரங்களுக்கு நடுவே கொண்டுபோனது. இந்த ஏரியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அணை கட்டியபோது முங்கிப்போன காடு, இன்னும் கறுப்புக் கறுப்பாகத் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒன்றில் இடித்து, அதைத் தள்ளி, இன்னொன்றில் இடித்து, மூங்கில் கழியை ஊன்றி ஊன்றி லாஞ்சைக் கரைக்குக் கொண்டுவருவதற்குள் எனக்கு உள்ளங்கை உரிந்துவிட்டது. பேச்சிமுத்து என்னிடம், இம்புட்டுப் பெரிய வண்டிக்குக் கட்டை போட மாட்டாகளா என்று விசாரித்தார். மேஸ்திரி அவ்வளவு நேரமும் கிளாசைக் கீழே வைக்கவில்லை. கரையில் நின்றபடியே கூப்பிட்டுச் சொன்னார்:

“எடா, நீங்க மூணு பேரும் அணைக்குப் போயிட்டு வாங்கோ. ஞான் இங்கன இருந்து சாயா குடிக்காம்.”

என்ஜினுக்கு விழுந்த தீர்த்தம்

இந்த லாஞ்சு மண்ணெண்ணெயில் ஓடும். ஆனால் ஆறிப்போன என்ஜின் மண்ணெண்ணெயில் கிளம்பாது. முதலில் பெட்ரோலில் கிளப்பி, நன்றாகச் சூடேறினதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றணும். பெட்ரோலோ கூப்பனுக்குத்தான் கிடைக்கிறது. கிளப்புவதற்கென்று ஒரே ஒரு புட்டி வைத்திருப்போம். மேஸ்திரி அதைத் தன் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வார்.

லாஞ்சைப் பின்கயிற்றால் கட்டிவிட்டு, நான் கைப்பிடியைப் போடப் போனேன். சுருளிச்சாமி மடியிலிருந்து சூடத்தை எடுத்தார். பெட்ரோல் புட்டிக்குப் பக்கத்தில் சூடம். மேஸ்திரி பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டார். சுருளிச்சாமிக்கு மனசு ஆறவில்லை. இவ்வளவு தூரம் வந்தது நல்ல வார்த்தை கொண்டுபோகத்தான், சாமியைக் கும்பிடாமல் எப்படிக் கிளம்புவது? சுருளி அருவியில் பிடித்த தீர்த்தம் ஒரு சின்னப் புட்டியில் கொண்டுவந்திருந்தார். மேஸ்திரி திரும்பிய நேரம் பார்த்து அதை என்ஜின் தலையில் தெளித்துவிட்டார். தெளித்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஊற்றினார்.

பிளக்கிலும் மேக்னட்டோவிலும் தண்ணீர் இறங்கினால் நெருப்புப் பொறி வராது. நான் சுற்றினேன். மேஸ்திரி சுற்றினார். பேச்சிமுத்துகூடச் சுற்றினார். புட்டியில் பாதிப் பெட்ரோல் வீணாகப் போனது. கடைசியில் பிளக்கைக் கழற்றி, டீக்கடை அடுப்பில் பழுக்கச் சுட்டு, ஓடிவந்து மாட்டிச் சுற்றினதும் படபடவென்று பிடித்துக்கொண்டது. அது நிற்பதற்குள் போய்விட வேண்டும் என்று பின்கயிற்றை இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். காலையில் பேச்சிமுத்து அவிழ்த்த முன்கயிறு கரையிலேயே கிடந்தது. மத்தியானம் வரை அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பேச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“ஏன் மச்சான், எங்க ஊர்ல தண்ணி இல்லாம எல்லாம் நிக்குது. உங்க பக்கம் தண்ணி பட்டா நிக்குதா?”

ஆழம் பார்த்தவர்

போகிற வழியெல்லாம் சுருளிச்சாமி கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். இந்தத் தண்ணி எந்த மலையிலிருந்து வருது, சுரங்கத்துக்குள்ளே ஆள் நிமிர்ந்து போகலாமா, மீன் எங்கள் வாய்க்காலுக்கு வருமா, இந்த மரம் ஏன் அழுகவில்லை. எனக்குத் தெரிந்தது கொஞ்சம். தெரியாததைத் தெரியாது என்றேன். பொய் சொல்ல எனக்குச் சரியாக வராது, வந்திருந்தால் பள்ளிக்கூடத்திலேயே இருந்திருப்பேன். ஆனால் அவர் கேட்கக் கேட்க எனக்கே ஆசை வந்தது. கூடலூரில் பிறந்து இந்தத் தண்ணீரில்தான் குளித்து வளர்ந்தேன். இதன் ஆழம் என்ன என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

மூங்கில் கழியை விட்டுப் பார்த்தோம். ஓரிடத்தில் தரை தட்டவில்லை. சுருளிச்சாமி முகம் மலர்ந்தது. கொஞ்சம் தள்ளிப் போனதும் இரண்டு முழத்தில் தட்டியது. முகம் செத்துவிட்டது. மூங்கில் பத்தாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நான் மேஸ்திரிக்கு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது, லாஞ்சுக்குள் அடியில் கிடந்த கல் ஒன்றைப் பின்கயிற்றின் நுனியில் கட்டிப் பின்பக்கமாக இறக்கிவிட்டார், லாஞ்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே. கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்த்த கை. கிணறு ஓடாது, அதற்குப் பின்னால் தண்ணீரைத் தள்ளுகிற விசிறியும் சுற்றாது.

கயிறு விசிறியில் சுற்றி, லாஞ்சு ஒரு முக்கு முக்கி நின்றது. மேஸ்திரி மலையாளத்தில் பேசினதை நான் எழுதவில்லை. அரிவாளை வாயில் கவ்விக்கொண்டு நான்தான் முங்கினேன். உள்ளே கண் தெரியவில்லை, தடவித் தடவி அறுத்தேன். வெளியே வந்தபோது பல் தாளம் போட்டது. கையில் மிஞ்சியது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. முன்கயிறு கரையில் கிடப்பது அப்போதுதான் எல்லாருக்கும் ஒன்றாக ஞாபகம் வந்தது. சுருளிச்சாமி வருத்தப்படாமல் இல்லை. ஆனாலும் கேட்காமலும் இருக்க முடியவில்லை.

“ஏலே தம்பி, அம்புட்டுக் கயிறும் உள்ள போயிருக்கே, அப்ப ஆழம் இருக்குன்னுதானே அர்த்தம்?”

தெரியாது என்றவன்

மிச்சப் பெட்ரோலில் ஒரு தடவைதான் கிளப்பலாம். கிளம்பியது. ஆனால் மேஸ்திரிக்குப் புட்டி மேல் கண். என்ஜின் சரியாகச் சூடேறுவதற்குள் குழாயை மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிட்டார். இரண்டு தடவை இருமி, வெள்ளைப் புகை விட்டு அடங்கியது. அணைக்கு இன்னும் பாதி தூரம். தேக்கடிக்கும் பாதி தூரம். கரையோடு நடக்கலாம் என்றால் யானைக்காடு. சாயங்காலம் அணையிலிருந்து ஒரு துடுப்புத் தோணி தேக்கடிக்கு வரும், அதை மறித்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொன்னார். கழியை ஊன்றிக் கரையோரம் போய், ஒரு பட்டமரத்தில் லாஞ்சின் மூக்கைக் கட்டினேன். இருந்த கயிறு அடிமரத்தைச் சுற்ற எட்டவில்லை. தண்ணீருக்குச் சற்று மேலே கிளை பிரிகிற ஒரு கவட்டை இருந்தது, அதில்தான் சுற்றி முடிச்சுப் போட முடிந்தது.

 சுருளிச்சாமி மேஸ்திரியிடம், நீங்க தினமும் பார்க்கிறவுக, சொல்லுங்க, திறந்துவிடுற அளவுக்குத் தண்ணி இருக்கா என்று கேட்டார். இஷ்டம் போல உண்டு, போய் விதையும் என்றார் மேஸ்திரி. அவர் சமாதானத்துக்குச் சொன்னார் என்பது எனக்கே தெரிந்தது. சுருளிச்சாமி என்னிடம் திரும்பினார். அந்த நெல்லை நினைத்துப் பார்த்தேன். விதைத்து வாய்க்கால் வராமல் போனால் என்ன, அவித்த மறுநாள் வாய்க்கால் வந்தால் என்ன, இரண்டும் சாபம்தான். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். பேச்சிமுத்து சிரிக்காமல் மேஸ்திரியைப் பார்த்தார்.

“தெரியாதுன்னு சொல்றதுக்கா இவனைச் சம்பளம் போட்டு வச்சிருக்காக?”

மூக்கு முங்கிய லாஞ்சு

அவர்கள் கொண்டுவந்திருந்த புளிச்சோற்றை நாலு பேரும் பங்குவைத்துச் சாப்பிட்டோம். தூறல் விழுந்தது. கரையில் இறங்கினால் அட்டை ஏறும் என்று லாஞ்சுக்குள்ளேயே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தோம். கண் அசந்திருப்பேன். அரிசி மூட்டை ஒன்று தானாக நகர்ந்து என் காலில் வந்து முட்டியது. பார்த்தால் லாஞ்சின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, மூக்கு தண்ணீரைக் குடிக்கப் போகிற மாடு மாதிரி குனிந்திருக்கிறது. முன்னால் ஓட்டை, தண்ணி ஏறுது, இறைக்கடா என்று மேஸ்திரி கத்தினார். டப்பாவோடு குனிந்தால் இறைக்கத் தண்ணீரே இல்லை. அப்புறம்தான் மரத்தைப் பார்த்தேன். நான் முடிச்சுப் போட்ட கவட்டையைக் காணவில்லை. அது தண்ணீருக்குள் போயிருந்தது. குட்டைக் கயிறு லாஞ்சின் மூக்கைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

கவட்டை இறங்காது. அப்படியானால் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். இங்கே வெறும் தூறல்தான், மேலே மலையில் எங்கேயோ கொட்டியிருக்கிறது. தண்ணீர் நிறமே மாறியிருந்தது. செம்மண், நுரை, சருகு, முறிந்த மூங்கில் எல்லாம் மிதந்து வந்தன. சுருளிச்சாமி ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். மேஸ்திரி கயிற்றை அறுக்க அரிவாளை எடுத்தார். இருங்க என்று சுருளிச்சாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்து, எட்டி, பட்டமரத்தில் தண்ணீருக்கு மேலே விரலகலத்தில் ஒரு கோடு இழுத்தார். எல்லாரும் அதையே பார்த்தோம். நானும்தான், லாஞ்சு எப்படிப் போனால் என்ன என்று பார்த்தேன். கோடு முங்கியது. அதற்கு மேலே இன்னொன்று இழுத்தார். அதுவும் முங்கியது. மூன்றாவது கோடு இழுக்கிறபோது மூக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வழிய ஆரம்பித்தது, அரிசி நனையும் என்று மேஸ்திரி அலறினார். சுருளிச்சாமி கையை விடவில்லை.

“கொஞ்சம் பொறுங்க மேஸ்திரி. லாஞ்சு முங்குனா நான் நீந்திப் போயிக்கிறேன், இந்தச் சுண்ணாம்பு முங்குறதைப் பார்த்துட்டு.”

துண்டில் கட்டி இழுத்தது

மூன்றாவது கோடும் முங்கின பிறகுதான் கயிற்றை அறுக்கவிட்டார். மூக்கு மேலே வந்த வேகத்தில் நான் மல்லாந்து விழுந்தேன். இப்போது என்ஜினும் இல்லை, கயிறும் இல்லை. கழியை ஊன்றிப் பிடித்துக்கொண்டு கிடந்தோம், வெயில் இறங்குகிற நேரத்துக்குத் தோணி வந்தது. இழுத்துக்கொண்டு போகிறேன், கயிற்றை வீசு என்றார் துடுப்புக்காரர். வந்த இரண்டு பேருடைய துண்டையும், பேச்சிமுத்துவின் தலைப்பாகையையும் முறுக்கி முடிந்து வீசினோம்.

போகிற வழியில் பேச்சிமுத்து தோணிக்காரரிடம் அணை அளவுக்கல்லில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கேட்டார். காலையில் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன், ரொம்பக் கீழேதான் கிடந்தது, இந்த வருசம் கஷ்டம்தான் என்றார் அவர். சுருளிச்சாமியைப் பார்த்தேன். அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. காலையில் சொன்ன தாய்க்கல் ஒன்று சொல்கிறது, மத்தியானம் அவர் போட்ட சுண்ணாம்பு வேறொன்று சொல்கிறது. தண்ணீர் அதற்கப்புறம்தான் ஏறியது என்று நான் சொன்னேன். ஏறினது நாளைக்கும் ஏறுமா என்று திருப்பிக் கேட்டார். அது எனக்குத் தெரியாது. தேக்கடி சேர்ந்தபோது இருட்டிவிட்டது. குமுளியில் கடைசி பஸ் போயிருக்கும், மலைப்பாதையில் நடந்தே இறங்குவது என்று இரண்டு பேரும் கிளம்பினார்கள். அணைக்குப் போகவே இல்லையே, அக்கா கேட்டால் என்ன சொல்வீக என்று பேச்சிமுத்து கேட்டுக்கொண்டே போனது காதில் விழுந்தது. அதற்குச் சுருளிச்சாமி சொன்னது:

“காலிச் சுண்ணாம்பு டப்பாவைக் காட்டுவேன்.”

கயிற்றுக் கடையில்

கொஞ்ச நாள் கழித்துப் புதுக் கயிறு வாங்க என்னைக் கம்பத்துக்கு அனுப்பினார்கள். அதற்குள் மழை நன்றாகப் பிடித்து, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. கயிற்றுக் கடையில் சுருளிச்சாமியே நின்றுகொண்டிருந்தார். நான் கயிற்றை மறந்துவிட்டு, நெல் என்ன ஆச்சு என்றுதான் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிபடவில்லை.

அன்றைக்கு அவர் போய்ச் சேர்வதற்கு முன்பே அவர் வீட்டு அம்மாள், பேச்சிமுத்துவின் அக்கா, பொழுது சாய்ந்தும் வெகுநேரம் பார்த்துவிட்டு, தானே கையை வைத்துவிட்டார்களாம். பாதி நெல்லைச் சாக்கில் கட்டி வைக்கோலுக்குள் வைத்திருந்தார்கள். பாதி அண்டாவில் வெந்துகொண்டிருந்தது. இவர் காலிச் சுண்ணாம்பு டப்பாவை நீட்டி, தண்ணி ஏறுது, நான் கண்ணால பார்த்தேன், விறகை வெளியே இழு என்று குதித்திருக்கிறார். இப்போது நாற்று பச்சென்று நிற்கிறதாம், ஆனால் பாதி வயலுக்குத்தான் காணும், மீதிக்கு யாரிடமாவது நாற்றுக் கேட்கணுமாம். கோபமாகச் சொல்கிறாரா பெருமையாகச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. ஆண்டிபட்டி வானம் பார்த்த பூமி, முதல் மழைக்குப் பாதி விதைத்துப் பாதியைப் பானையில் வைக்கிற ஊர், அங்கே பிறந்தவளிடம் என்ன பேச முடியும் என்றார். அடுப்பை விட்டு எழுந்திருக்காமலே அந்த அம்மாள் சொன்னதை அப்படியே சொல்லிக்காட்டினார்:

“நீங்க இருக்குன்னு வந்தாலும் பாதிதான் நம்புவேன், இல்லைன்னு வந்தாலும் பாதிதான் நம்புவேன். அதான் பாதி.”

ஏறினவர்களை எல்லாம் பாதி வழி வரைக்கும் தவறாமல் கொண்டுபோகிற லாஞ்சில் வேலை பார்க்கிறவன் என்கிற முறையில், அந்த அம்மாளின் கணக்கில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.